மலை இருந்த இடத்தில் ஓர் ஏரி



சென்ற மழைக்காலத்தில் பி பிளாக் லிஃப்ட் நான்கு நாள் நின்றுபோனது நினைவிருக்கும். ஐந்தாம் மாடிவரை படியேறியவர்கள் வாட்ஸப் குழுவில் போட்ட புலம்பல்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன. அதில் நான்கைந்து என்னுடையவை. அதே நான் ஓராண்டுக்கு முன்னால் ஒரே மூச்சில் (ஒரே மூச்சு என்பது பொய், அதைப் பிறகு சொல்கிறேன்) 65 மாடிக்குச் சமமான ஏற்றத்தை ஏறி வந்தவன் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். மேலே மரத்தடியில் உட்கார்ந்து காத்திருந்த என் மனைவியே இன்னும் முழுதாக நம்பவில்லை.

அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில் போர்ட்லாண்டு அருகே மகள் வீட்டில் 2023இல் சில மாதங்கள் தங்கியிருந்தோம். ஆகஸ்டு மாதத்தில் மாப்பிள்ளை காரில் நாலரை மணி நேரம் ஓட்டிக் காட்டிய இடம்தான் கிரேட்டர் ஏரி. திரும்பி வந்ததும் செய்திமடல் குழுவினர் பயணக் கட்டுரை கேட்டார்கள். பயணக் கட்டுரை எல்லோரும் எழுதுகிறார்கள். அந்த ஏரியைப் பற்றி மகள் ஊர் நூலகத்தில் உட்கார்ந்து படித்த வரலாற்றை எழுதுகிறேன் என்றேன். நான் பி.காம். படித்து வங்கியில் கிளார்க்காக ஓய்வு பெற்றவன். புவியியலும் தெரியாது, மானுடவியலும் தெரியாது. ஆனால் ஒரு புத்தகத்தில் உள்ள கணக்கு இன்னொரு புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது எனக்கு முப்பத்தாறு வருடப் பழக்கம். இந்த ஏரியைப் பற்றி இரண்டு லெட்ஜர்கள் இருக்கின்றன. அதனால்தான் எனக்கு இதில் ஆர்வம் வந்தது.

முதலில் ஏரி எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். ஏறத்தாழ 10 கி.மீ. நீளம், 8 கி.மீ. அகலம். சுற்றிலும் செங்குத்தான பாறை மதில். நீர்மட்டமே கடல் மட்டத்திலிருந்து 6,173 அடி உயரத்தில் இருக்கிறது. ஆழம் 1,943 அடி; அமெரிக்காவிலேயே ஆழமான ஏரி இதுதான். மாடிக்குப் பத்தடி என்று வைத்தால் 194 மாடிக் கட்டடம் முழுதாக உள்ளே மூழ்கிவிடும். இதற்குள் ஓர் ஆறு வந்து விழுவதில்லை, இதிலிருந்து ஓர் ஆறு புறப்படுவதும் இல்லை. ஆண்டுக்குச் சராசரியாக 40 அடிக்கு மேல் பனி கொட்டுகிறது. அந்தப் பனியும் மழையும்தான் வரவு. ஆவியாவதும் பாறை இடுக்குகளில் கசிவதும்தான் செலவு. வரவும் செலவும் ஏறக்குறைய சமமாகி நீர்மட்டம் பெரிதாக மாறாமல் நிற்கிறது. வெளியிலிருந்து ஆற்று மண் வராததால் தண்ணீர் அவ்வளவு தெளிவு. வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கினால் சராசரியாக 100 அடி ஆழம்வரை கண்ணுக்குத் தெரியுமாம். சூரிய ஒளியில் உள்ள சிவப்பையும் மஞ்சளையும் ஆழமான சுத்த நீர் விழுங்கிக்கொண்டு நீலத்தை மட்டும் திருப்பி அனுப்புகிறது. அந்த நீலத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. என் போனில் எடுத்த படங்களைக் காட்டியபோது நம் மாலை நேரப் பெஞ்சில் ஒருவர் "கலர் கூட்டியிருக்கீங்களா சார்?" என்று கேட்டார். இல்லை.

இந்த இடத்தில் முன்பு ஏரி கிடையாது. ஒரு மலை இருந்தது. சுமார் 12,000 அடி உயரம். இன்று அதற்கு மஸாமா மலை என்று பெயர், ஆனால் அந்தப் பெயர் மலை போன பிறகு வைத்தது. 1894இல் தொடங்கிய போர்ட்லாண்டு மலையேறுவோர் சங்கத்தின் பெயரைத்தான் 1896இல் இல்லாத அந்த மலைக்குச் சூட்டினார்கள். சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன்பு அந்த எரிமலை வெடித்தது. ஏறத்தாழ 50 கன கிலோமீட்டர் எரிமலைக் குழம்பு வெளியே வந்துவிட்டது. அதன் சாம்பல் கனடாவரை பரவியது. கிரீன்லாந்தின் பனிப்படிவத்துக்குள்ளும் அதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். நாங்கள் வடக்கு வாசல் வழியாகக் காரில் உள்ளே போனபோது இரண்டு பக்கமும் காடு திடீரென்று நின்று, மரமே இல்லாத ஒரு வெட்டவெளி வந்தது. பியூமிஸ் பாலைவனம் என்று பெயர்ப்பலகை. குதிகால் தேய்க்கக் கடையில் வாங்குகிறோமே, அந்த நுரைக்கல்தான் அங்கே தரை. கீழே 200 அடி கனம்வரை அதுவேதான் நிரம்பிக் கிடக்கிறது. தண்ணீர் நிற்காத அந்தத் தரையில் 7,700 வருடமாகியும் காடு முழுதாகத் திரும்பவில்லை.

குழம்பு வெளியேறியதும் மலைக்கு அடியில் வெற்றிடம். அடித்தளத் தூண்களை எடுத்துவிட்டால் மேல்தளம் என்ன ஆகும்? மலையின் மேல்பாதி தனக்குள்ளேயே இடிந்து விழுந்தது. அப்படி விழுந்து உண்டான பள்ளத்தில் எழுநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பனியும் மழையும் சேர்ந்துதான் இந்த ஏரி. ஆகவே கிரேட்டர் ஏரி என்ற பெயரும் சரியில்லை. கிரேட்டர் என்பது எரிமலை வெடித்துத் திறந்த வாய். இது இடிந்து விழுந்த குழி. இதற்குக் கால்டெரா என்று வேறு சொல் இருக்கிறது. தவறான பெயர் பதிவாகிவிட்டால் பிறகு மாற்றுவது கடினம் என்பது ஆதார் அட்டை வைத்திருக்கும் நம் எல்லோருக்கும் தெரியும்.

மலை விழுந்ததா, அல்லது வெடித்துச் சிதறிப் பறந்துபோனதா என்பதில் புவியியலாளர்களிடையே நெடுநாள் விவாதம் இருந்தது. வெடித்துச் சிதறியிருந்தால் பழைய மலையின் பாறைத் துண்டுகள் சுற்றிலும் மலைமலையாகக் குவிந்திருக்க வேண்டும், அவ்வளவு இல்லை. டில்லர் என்பவர் 1902இல் வெளிவந்த ஆய்வில் மலை உள்ளே இடிந்துதான் விழுந்தது என்றார். ஹோவெல் வில்லியம்ஸ் 1942இல் விரிவான ஆய்வோடு அதை உறுதி செய்தார். இது முதல் லெட்ஜர்.

இரண்டாவது லெட்ஜர் எழுத்தில் இல்லாதது.

அந்த நிலத்தின் பூர்வகுடிகள் கிளாமத் மக்கள். ஏரியை அவர்கள் கீவாஸ் என்கிறார்கள். அவர்களுக்கு அது புனித இடம். தனியாக விரதம் இருந்து தரிசனம் தேடுபவர்கள் போகும் இடம். வேடிக்கை பார்க்கப் போகிற இடமாக அதை அவர்கள் வைத்திருக்கவில்லை. வெள்ளையர்களிடம் ஏரி இருப்பதையே அவர்கள் சொல்லவில்லை. அவர்களின் தலைவர் லாலேக் என்ற முதியவர் 1865இல், அங்கிருந்த ராணுவக் கோட்டையில் பணியாற்றிய கோல்விக் என்ற இளம் சிப்பாயிடம் ஒரு கதை சொன்னார்.

கீழுலகின் தலைவன் லாவ். அவன் பூமிக்கு அடியிலிருந்து வந்து அந்த மலையின் உச்சித் திறப்பில் நிற்பான். ஒருநாள் தலைவரின் மகளைப் பார்த்து ஆசைப்பட்டான். அவள் மறுத்துவிட்டாள். கோபத்தில் அந்தக் குடியையே நெருப்பால் அழிக்கப் போவதாகச் சபதம் செய்தான். மேலுலகின் தலைவன் ஸ்கெல் மக்கள் மேல் இரங்கி, தெற்கே ஷாஸ்டா மலை உச்சியில் வந்து நின்றான். இரண்டு மலைகளுக்கும் நடுவே நெருப்புப் பாறைகள் பறந்தன. பூமி நடுங்கியது, நெருப்பு ஆறு காடுகளை எரித்தது, மக்கள் ஏரித் தண்ணீருக்குள் இறங்கி நின்றார்கள். மக்கள் செய்த பாவத்துக்கு உயிர்ப்பலி வேண்டும் என்று இரண்டு முதிய மருத்துவர்கள் தீப்பந்தத்தோடு மலையேறி அந்த நெருப்புக் குழியில் குதித்தார்கள். அதைக் கண்டு மனமிரங்கிய ஸ்கெல் மறுபடி போரிட்டு லாவைப் பூமிக்குள் விரட்டினான். விடிந்து பார்த்தால் உயர்ந்த மலையைக் காணோம். அது லாவின் தலைமேல் இடிந்து விழுந்திருந்தது. பிறகு மழை பெய்து பெய்து அந்தக் குழி நிரம்பியது.

உச்சியில் திறப்பு, நெருப்பு ஆறு, இருள், மலை இடிந்து உள்ளே விழுந்தது, குழியில் மழை நிரம்பியது. வரிசை மாறாமல் எல்லாம் இருக்கிறது. முதன்முறை படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் வவுச்சரில் தேதி பார்ப்பதும் பழக்கமாயிற்றே. கதை சொல்லப்பட்டது 1865 என்றாலும் அது அச்சேறியது பல ஆண்டுகள் கழித்துத்தான். அதற்குள் கோல்விக்கின் நினைவிலோ எழுதியவர்களின் பேனாவிலோ கொஞ்சம் ஒப்பனை ஏறியிருக்கலாம். எனவே கதை மட்டும் இருந்தால் நான் டேலி என்று டிக் போட்டிருக்க மாட்டேன். வேறொரு சான்று இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்த லாலேக்கைப் பற்றி ஒரு விவரம். கதை சொன்னதற்கு முந்தைய ஆண்டு, 1864 அக்டோபரில், கிளாமத், மோடக், யாஹூஸ்கின் மக்கள் அமெரிக்க அரசோடு ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். இரண்டு கோடி ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை விட்டுக்கொடுத்து, ஒதுக்கப்பட்ட ஒரு பகுதிக்குள் வாழ ஒப்புக்கொண்டார்கள். விட்டுக்கொடுத்த நிலத்தில் ஏரியும் போயிற்று. அந்த ஒப்பந்தத்தின் அடியில் லா-லேக் என்ற பெயரும் அவர் போட்ட ஒரு பெருக்கல் குறியும் இருக்கின்றன. நான் கிராமக் கிளையில் இருந்த ஏழு வருடத்தில் நூற்றுக்கணக்கான கைநாட்டுகளை வாங்கியிருக்கிறேன். மைப்பெட்டியை நகர்த்தி, இடது கைப் பெருவிரலைப் பிடித்து உருட்டி, ஓரத்தில் "வாசித்துக் காட்டப்பட்டது" என்று எழுதுவோம். உண்மையில் எத்தனை முறை முழுதாக வாசித்துக் காட்டினோம் என்று என்னைக் கேட்டால் நான் தலையைக் குனிந்துகொள்ள வேண்டியதுதான். அந்தப் பெருக்கல் குறியைப் பற்றிப் படித்தபோது எனக்கு அந்த மைப்பெட்டிதான் ஞாபகம் வந்தது.

ஒதுக்கிய நிலமும் நிலைக்கவில்லை. 1954இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, கிளாமத் மக்கள் ஒரு பழங்குடி என்ற அங்கீகாரத்தையே முடித்துவைத்தது. விலை மதிப்பு மிக்க மரங்கள் நின்ற அவர்களின் காட்டில் பெரும்பகுதி தேசியக் காடாகிவிட்டது. 1986இல் அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. நிலம் திரும்பவில்லை.

வெள்ளையர்கள் ஏரியைப் பார்த்த கதைக்கு வருவோம். 1853 ஜூன் 12 அன்று ஹில்மன் என்ற 21 வயது இளைஞனும் கூட்டாளிகளும் தொலைந்துபோன ஒரு தங்கச் சுரங்கத்தைத் தேடி மலையேறினார்கள். ஹில்மனின் கோவேறு கழுதை ஓரிடத்தில் நின்றுவிட்டது. ஏன் நின்றது என்று குனிந்து பார்த்தால் காலடியில் செங்குத்துப் பள்ளம், கீழே நீலம். "ஆழ்நீல ஏரி" என்று பெயர் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். தங்கம் கிடைக்காததால் யாரும் அதை அப்புறம் கண்டுகொள்ளவில்லை. அதன் பின் வேறு வேறு ஆட்கள் வந்து அதையே மறுபடி "கண்டுபிடித்து" வேறு வேறு பெயர் வைத்தார்கள். ஜாக்சன்வில் ஊர்ப் பத்திரிகை ஆசிரியர் சட்டன் 1869இல் வைத்த பெயர்தான் நிலைத்தது. பீட்டர் பிரிட் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் 1874இல் அதை முதன்முதலில் புகைப்படம் எடுத்தார்.

இந்தக் கதையின் முக்கிய மனிதர் வில்லியம் கிளாட்ஸ்டன் ஸ்டீல். கன்சாஸ் மாநிலத்தில் பள்ளி மாணவனாக இருந்தபோது, 1870இல், மதிய உணவைச் சுற்றியிருந்த செய்தித்தாளில் ஆரிகனில் உள்ள ஒரு விசித்திர ஏரியைப் பற்றிப் படித்ததாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். கடலை மடித்த காகிதத்தைப் பிரித்து, தின்று முடித்துவிட்டு ஒரு வரி விடாமல் படித்த தலைமுறை நாம். நமக்கு இது புரியும். இரண்டு வருடத்தில் அவர் குடும்பம் ஆரிகனுக்கே குடிபெயர்ந்தது. ஆனால் அந்த ஏரி எங்கே என்று சொல்ல அங்கே ஆள் கிடைக்கவே பல வருடம் ஆயிற்று. 1885இல்தான் நேரில் பார்த்தார். அப்போது போர்ட்லாண்டில் தபால் துறை ஊழியர். பார்த்த அன்றே, இது தனியார் கைக்குப் போகக்கூடாது, பொதுவில் காக்கப்பட வேண்டும் என்று முடிவுசெய்தார்.

அடுத்த ஆண்டே, 1886இல், குடியேற்றத்துக்கு விடாமல் அந்தப் பகுதியை அதிபர் கிளீவ்லாண்டு ஒதுக்கிவைத்தார். அதே ஆண்டு கோடையில் கேப்டன் டட்டன் தலைமையில் ஏரியின் ஆழத்தை அளக்க ஒரு குழு போனது. படகுகளைப் போர்ட்லாண்டில் ஸ்டீல் மேற்பார்வையில் கட்டி, ரயிலில் ஏற்றி, பிறகு குதிரை வண்டிகளில் மலைப்பாதையில் இழுத்து, கடைசியில் அந்தச் செங்குத்துச் சரிவில் கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். பெரிய படகின் பெயர் கிளீட்வுட். பியானோவுக்குப் போடும் கம்பியின் நுனியில் எடையைக் கட்டி 168 இடங்களில் இறக்கிப் பார்த்தார்கள். படகு எந்த இடத்தில் நிற்கிறது என்று குறிக்கக் கரை மேல் ஒரு சிகரத்தில் ஆட்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். அந்தச் சிகரத்துக்கு இன்றும் வாட்ச்மேன் என்றுதான் பெயர். (நம் கேட் செக்யூரிட்டியிடம் இதைச் சொன்னேன், மிகவும் சந்தோஷப்பட்டார்.) அவர்களுக்குக் கிடைத்த அதிகபட்ச ஆழம் 1,996 அடி. இன்றைய கணக்கு 1,943. கம்பியும் கைச்சக்கரமும் வைத்துக்கொண்டு நூற்றுக்கு மூன்று கூட வித்தியாசம் வரவில்லை.

ஆனாலும் தேசியப் பூங்கா என்று அறிவிக்க 1902 மே 22 வரை ஆயிற்று. அன்று அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். ஸ்டீல் ஏரியை முதன்முதலில் பார்த்ததிலிருந்து 17 வருடம். ஆடு மேய்ப்பவர்களும் சுரங்கக்காரர்களும் எதிர்த்தார்கள். இவர் சொந்தப் பணத்தைச் செலவழித்து மனு மேல் மனுவாக எழுதினார். நம் குடியிருப்புக்கு மாநகராட்சிக் குடிநீர் இணைப்பு வாங்க அலைந்த சங்க நிர்வாகிகள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கலாம்.

பூங்காவின் முதல் கண்காணிப்பாளர் ஸ்டீல் இல்லை, ஆரண்ட் என்பவர். 1913இல் அவரை நீக்கி ஸ்டீலை நியமித்தபோது ஆரண்ட் சார்ஜ் கொடுக்க மறுத்து அலுவலகத்திலேயே உட்கார்ந்துவிட்டார். கடைசியில் அரசு மார்ஷல் வந்து ஆளைத் தூக்கி வெளியே விட வேண்டியதாயிற்று. கிளை மேலாளர்கள் சார்ஜ் கொடுப்பதில் நான் பல நாடகங்களைப் பார்த்திருக்கிறேன், இந்த அளவுக்குப் போனதில்லை.

ஸ்டீலைப் பற்றி நல்லது மட்டும் எழுதி நிறுத்த எனக்கு மனமில்லை. அந்த ஏரியில் இயற்கையாக மீனே கிடையாது. ஆறு இல்லாத ஏரிக்கு மீன் எப்படி வரும்? ஸ்டீலுக்கு அது ஒரு குறையாகப் பட்டது. 1888இல் ரோக் ஆற்றங்கரைப் பண்ணை ஒன்றிலிருந்து சுமார் 600 டிரவுட் மீன்குஞ்சுகளை வாளியில் எடுத்துக்கொண்டு 40 மைலுக்கு மேல் வந்தார். வழியில் அடிக்கடி நின்று தண்ணீர் மாற்றிக்கொண்டே வந்தும், ஏரிக்கு உயிரோடு வந்து சேர்ந்தவை 37. அதை விட்டார். பிறகு 1941வரை பூங்காவே வகைவகையான மீன்களைக் கொண்டுவந்து விட்டது. அந்த மீன்களுக்குத் தீனியாகட்டும் என்று 1915இல் ஆற்று இறால் போன்ற நண்டினம் ஒன்றையும் விட்டார்கள். அது இன்று கரையோரத்தின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டுவிட்டது. மஸாமா நியூட் என்று பல்லி போன்ற ஒரு சிறு நீர்வாழ் உயிரினம், உலகத்தில் இந்த ஏரியில் மட்டுமே இருப்பது, அந்த நண்டினத்தால் அழிந்துகொண்டிருக்கிறது. ஏரியை எல்லோரையும்விட அதிகம் நேசித்த மனிதர் வாளியில் தண்ணீர் மாற்றி மாற்றிச் சுமந்து வந்ததிலிருந்துதான் இது தொடங்கியது. மதிலில் இருந்து ஏரிக்கு ஒரு லிஃப்ட், ஏரியிலுள்ள தீவுக்கு ஒரு பாலம், மதிலைச் சுற்றி ஒரு சாலை என்றும் அவர் திட்டம் போட்டார். சாலை மட்டும் வந்தது, 33 மைல். லிஃப்டும் பாலமும் வராதது ஏரியின் அதிர்ஷ்டம். ஏறும்போது நான் வேறு மாதிரி நினைத்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஏனென்றால் அந்த ஏரியின் தண்ணீரைத் தொட அனுமதிக்கப்பட்ட பாதை ஒன்றே ஒன்றுதான். வடக்குக் கரையில் கிளீட்வுட் பாதை. அந்தப் பழைய படகின் பெயர்தான். நீளம் 1.1 மைல், இறக்கம் 700 அடி. தொடக்கத்திலேயே, இதய நோய், மூச்சுத் தொந்தரவு உள்ளவர்கள் இறங்க வேண்டாம் என்ற எச்சரிக்கையும், திரும்பி வருவது 65 மாடி ஏறுவதற்குச் சமம் என்ற விவரமும் இருந்தன. எனக்கு வலது முழங்காலில் தேய்மானம். மனைவி வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை மரியாதைக்கு ஒன்றும் சொல்லவில்லை. பத்து வயதுப் பேரன்தான், "தாத்தா, அந்த மலை விழுந்த இடத்தை நாம போய்த் தொட வேண்டாமா?" என்று கேட்டான். தொடங்கிவிட்டோம்.

இறக்கத்தில் கால் தானாகப் போகும், அதுதான் ஏமாற்று. பைன் மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும் மண் பாதை. நாற்பது நிமிடத்தில் கரைக்கு வந்துவிட்டோம். பாறைமேல் உட்கார்ந்து கால்களை நனைத்தேன். ஆகஸ்டு வெயிலிலும் எலும்புவரை சில்லிட்டது. கரையில் கிடந்த ஒரு நுரைக்கல்லைப் பேரன் எடுத்துத் தண்ணீரில் போட்டான். கல் மிதந்தது! அவன் கத்திய கத்தலில் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தக் கல்லை நான் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பூங்காவிலிருந்து ஒன்றும் எடுத்துப் போகக்கூடாது என்று அவன்தான் நினைவூட்டினான். திரும்ப வைத்துவிட்டேன்.

அங்கே மிதக்கிற இன்னொன்றும் பிரபலம். ஏரியின் கிழவர் என்று அதற்குப் பெயர். சுமார் 30 அடி நீளமுள்ள ஒரு ஹெம்லாக் மரத்தின் அடிமரம் செங்குத்தாக நின்றபடியே மிதக்கிறது. நாலடி மட்டும் வெளியே தெரியும். 1896இலேயே அதைப் பார்த்த பதிவு இருக்கிறது. 1938இல் மூன்று மாதம் அது எங்கெங்கே போகிறது என்று தினமும் குறித்துப் பார்த்தார்கள். காற்றின் போக்கில் 62 மைல் சுற்றியிருந்தது. 1988இல் ஏரியின் அடியை ஆராய நீர்மூழ்கி வந்தபோது, மோதாமல் இருக்க அதைப் பிடித்துத் தீவின் அருகே கட்டிப்போட்டார்களாம். உடனே வானிலை கெட்டுவிட்டது என்றும், அவிழ்த்துவிட்டதும் சரியாகிவிட்டது என்றும் சொல்கிறார்கள். எங்கள் கண்ணில் அந்தக் கிழவர் படவில்லை.

மேலே ஏறியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாதிக்குமேல் எனக்கு நினைவில்லை. உயரமான இடம், காற்று மெலிவு. முதல் வளைவிலேயே மூச்சு வாங்கியது. பாதையோரத்தில் இருந்த பெஞ்சுகள் ஒன்றையும் விடாமல் உட்கார்ந்தேன். ஒரு பெஞ்சில், எண்பது வயது இருக்கும், ஓர் அம்மையார் தனியாக உட்கார்ந்திருந்தார். அவரும் ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை. இருவரும் ஒன்றாக எழுந்து அடுத்த பெஞ்சுவரை நடந்து ஒன்றாக உட்கார்ந்தோம். இப்படியே மூன்று பெஞ்சுகள். இறங்க நாற்பது நிமிடம், ஏற இரண்டு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் குறைவு. மேலே வந்தபோது மனைவி ஒரு வார்த்தையும் சொல்லாமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். அன்று இரவு முழுவதும்தான் சொன்னாள்.

அந்த இன்னொரு சான்றைச் சொல்லிவிடுகிறேன். ஏரிக்கு வடகிழக்கே சுமார் 100 கி.மீ. தொலைவில் ஃபோர்ட் ராக் என்ற இடத்தில் ஒரு குகை இருக்கிறது. 1938இல் ஆரிகன் பல்கலைக்கழகத்தின் லூதர் கிரெஸ்மன் அங்கே தோண்டினார். மேலே மஸாமா எரிமலையின் சாம்பல் படிவம். அதற்கு அடியில், ஆமாம், அடியில், செருப்புகள். ஒன்றிரண்டு இல்லை, டஜன் கணக்கில். சேஜ்பிரஷ் என்ற புதர்ச்செடியின் பட்டையைத் திரித்துப் பின்னியவை. பிற்பாடு கதிரியக்கக் கார்பன் முறையில் வயது பார்த்தபோது 9,000 ஆண்டுகளுக்கு மேல் என்று வந்தது. மலை இடிந்து விழுவதற்கு முன்பே அந்த நிலத்தில் மனிதர்கள் நடமாடினார்கள் என்பதற்கு இதைவிட வேறு வவுச்சர் வேண்டியதில்லை. மலை விழுந்ததைப் பார்க்க அங்கே ஆள் இருந்தது. அதன் பிறகுதான் நான் பென்சிலால் டிக் போட்டேன்.

ஏரிக்குப் போய் வந்த மறுவாரம் யூஜீன் நகரில் உள்ள பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் அந்தச் செருப்புகளைப் பார்த்தோம். நம் ஊர்க் கோரைப்பாய்ப் பின்னல் மாதிரி இருந்தன. அடிப்பாகம் தட்டை, விரல்களை மூட முன்னால் ஒரு மடிப்பு. குழந்தைகள் அளவில்கூட அந்தக் குகையில் கிடைத்திருக்கின்றனவாம். கண்ணாடிக்கு இப்பால் பேரன் தன் ஷூவைக் கழற்றி வைத்து அளவு பார்த்தான். காவலர் பார்த்துச் சிரித்தார், தடுக்கவில்லை.

பிள்ளைகள் அந்தப் பக்கம் இருந்து, போக நினைப்பவர்களுக்கு: ஜூலை கடைசியிலிருந்து செப்டம்பர் வரைதான் எல்லாச் சாலைகளும் திறந்திருக்க வாய்ப்பு, மற்ற மாதங்களில் பனி. கிளீட்வுட் பாதையைப் பழுதுபார்ப்புக்காக மூடுவதும் உண்டு, பூங்காவின் இணையதளத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். முழங்கால் ஒத்துழைக்காதவர்கள் வாட்ச்மேன் சிகரத்துக்கு ஏறலாம், 420 அடி ஏற்றம்தான், ஏரி முழுவதும் கீழே தெரியும். குடிக்கத் தண்ணீர் ஆளுக்கு இரண்டு பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். நான் ஒன்றுதான் எடுத்துப் போனேன்.